சார், இன்னைக்கு மட்டும்!

உடற்கல்வி ஆசிரியராக வேலை பார்த்தவனுக்கு ஒரு தனிப் படிப்பு தானாக வந்து சேரும். சாக்குகளைப் பற்றிய படிப்பு அது. கணக்கு வாத்தியாருக்கு ‘நோட்டை வீட்டிலேயே வச்சுட்டு வந்துட்டேன் சார்’ என்ற ஒன்றுதான் வரும். டிரில் பீரியடில் என்னிடம் வந்தவை வகை வகையானவை. வயிற்று வலி, தலைசுற்றல், காலில் சுளுக்கு, கான்வாஸ் ஷூ கிழிந்துவிட்டது, வெள்ளைச் சட்டை அழுக்கானால் அம்மா அடிப்பாள், அடுத்த பீரியடில் டெஸ்ட். எதைச் சொன்னாலும் கடைசியில் ஒரே வால் ஒட்டியிருக்கும்: “இன்னைக்கு மட்டும் சார்!”

அந்தப் பிள்ளைகளுக்கு இப்போது முப்பது, நாற்பது வயது. பாளையங்கோட்டை மார்க்கெட்டிலும் கல்யாண வீட்டுப் பந்தியிலும் பார்க்கிறேன். “சர்க்கரை எல்லையில நிக்குன்னு டாக்டர் சொல்லுதாரு சார்” என்கிறான் ஒருவன். “ரெண்டு மாடி ஏறினா மூச்சு வாங்குது சார்” என்கிறாள் ஒருத்தி. “நடக்கியாலே?” என்று கேட்டால் பழைய பாட்டுதான். “எங்க சார் நேரம் கெடைக்கு? ஆபீஸ்ல இப்ப ரொம்ப வேலை. இந்த மாசம் மட்டும்…” ஆள் வளர்ந்திருக்கிறான். சாக்கும் கூடவே வளர்ந்திருக்கிறது.

உங்களைக் குத்திக்காட்ட இதை எழுதவில்லை. 2022 நிலவரப்படி இந்தியாவில் வளர்ந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் உடலுக்குத் தேவையான அளவு அசைவதில்லை என்று 2024இல் உலக சுகாதார அமைப்பின் ஆய்வாளர்கள் கணக்குச் சொன்னார்கள். பாதி நாடே சாக்குச் சொல்கிறபோது, நாலைந்து சோம்பேறிகளின் குணம் என்று அதைத் தள்ளிவிட முடியாது. இத்தனை வருடம் மைதானத்தில் நின்று நான் தெரிந்துகொண்டது ஒன்றுதான்: எந்தச் சாக்கிலும் பாதி உண்மை இருக்கும். சொல்கிறவரைத் திட்டினால் சாக்கு இன்னும் கெட்டியாகும். அந்தப் பாதி உண்மைக்கு ஒரு வழி செய்து கொடுத்துவிட்டால், மீதிப் பாதி நிற்க இடமில்லாமல் விழுந்துவிடும். ஒவ்வொன்றாக எடுத்து அப்படிப் பார்ப்போம்.

காரணம் எது, சாக்கு எது?

காய்ச்சல் என்று வரும் பையனின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன். சுட்டால் மரத்தடியில் உட்கார வைத்துவிடுவேன். காய்ச்சல், அறுவை சிகிச்சை முடிந்த உடம்பு, பிரசவம் முடிந்த முதல் வாரங்கள், டாக்டர் ஓய்வெடுக்கச் சொன்ன நாட்கள், இவையெல்லாம் காரணங்கள். நடக்கும்போது நெஞ்சை இறுக்கினாலோ, தலை கிறுகிறுத்தாலோ, வழக்கமில்லாமல் மூச்சு முட்டினாலோ உடனே நின்று டாக்டரைப் பார்க்க வேண்டும். இதய நோய், சர்க்கரை, ரத்த அழுத்தம் ஏற்கெனவே இருப்பவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொண்டுதான் தொடங்க வேண்டும். இதில் வீரம் காட்டக் கூடாது.

இரண்டையும் பிரித்தறிய நான் வைத்திருந்த வழி மிக எளிது. காரணத்துக்கு முடிவுத் தேதி உண்டு, சாக்குக்குக் கிடையாது. ‘வியாழக்கிழமை தையல் பிரிக்காங்க, அடுத்த வாரம் வந்துடுவேன் சார்’ என்பது காரணம். ‘வேலை குறையட்டும்’, ‘பிள்ளைகள் கொஞ்சம் வளரட்டும்’, ‘மனசு சரியாகட்டும்’ என்பவற்றுக்கு எந்தக் காலண்டரிலும் தேதி இல்லை. உங்கள் மனதில் இருப்பதற்கு ஒரு தேதி போட்டுப் பாருங்கள். போட முடிந்தால் நிம்மதியாக ஓய்வெடுங்கள். போட முடியவில்லை என்றால் மேலே படியுங்கள்.

‘நேரமே இல்லை’

சாக்குகளுக்கெல்லாம் தலைவன் இது. இதில் உள்ள உண்மை எனக்குத் தெரியும். காலை எட்டு மணிக்குக் கம்பெனி பஸ் ஏறி இரவு எட்டரைக்கு இறங்குகிற பிள்ளையிடம் ‘தினம் ஒரு மணி நேரம் மைதானத்துக்கு வா’ என்று சொல்வது விவரமில்லாத பேச்சு. அவனுக்குச் சேர்ந்தாற்போல ஒரு மணி நேரம் கிடைக்காது என்பது உண்மை. சேர்ந்தாற்போல ஒரு மணி நேரம் வேண்டும் என்பதுதான் பொய்.

உலக சுகாதார அமைப்பு 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, வளர்ந்தவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு போதும். எது மிதம்? நடந்துகொண்டே பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அந்த வேகம்தான் மிதம். ஓட்டம் போன்ற கடுமையான பயிற்சி என்றால் அதில் பாதி நேரம் போதும். ஒரு வாரத்தில் 10,080 நிமிடங்கள் இருக்கின்றன. 150 என்பது அதில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு. உங்கள் போனில் திரை நேரம் என்று ஒரு கணக்கு இருக்கிறதே, அதை ஒரு தடவை திறந்து பாருங்கள். அதற்குப் பிறகு நேரத்தைப் பற்றி நான் எதுவும் பேச வேண்டியிருக்காது.

இன்னொரு செய்தி பலருக்குத் தெரியாது. ஒரு தடவைக்குக் குறைந்தது 10 நிமிடமாவது தொடர்ந்து செய்தால்தான் கணக்கில் சேரும் என்று 2010ஆம் ஆண்டு வழிகாட்டுதலில் இருந்தது. 2020இல் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். மூன்று நிமிடம் படியேறினாலும் கணக்குதான்.

படியேறுவதற்கு என்ன பலன் என்று கேட்பவர்களுக்கு லண்டன் பஸ்களைக் காட்டுவேன். ஜெரி மாரிஸ் என்ற மருத்துவ ஆய்வாளர் அங்கே மாடி பஸ்களில் வேலை பார்த்தவர்களின் உடல்நிலையை ஆராய்ந்து 1953இல் முடிவுகளை வெளியிட்டார். டிரைவர் ஷிப்ட் முழுக்க உட்கார்ந்திருப்பார். கண்டக்டர் டிக்கெட் கொடுப்பதற்காக மேலும் கீழும் ஏறி இறங்குவார். ஒரு நாளைக்குச் சுமார் 600 படி. இருவருக்கும் ஒரே நிர்வாகம், ஒரே பஸ், ஏறத்தாழ ஒரே மாதிரியான குடும்ப வசதி. ஆனால் கண்டக்டர்களுக்கு டிரைவர்களைவிட மாரடைப்பு குறைவாக வந்தது. வந்தாலும் உயிர் போவது குறைவாக இருந்தது. உடலுழைப்புக்கும் இதயத்துக்கும் உள்ள தொடர்பை ஆதாரத்தோடு காட்டிய முதல் பெரிய ஆய்வு அது. மாரிஸ் தான் சொன்னபடியே நடந்தவர். 2009இல் இறந்தபோது அவருக்கு வயது 99.

அந்தக் கண்டக்டர்களில் யாரும் உடற்பயிற்சிக்கென்று தனியாக நேரம் ஒதுக்கியவர்கள் இல்லை. அது அவர்கள் வேலைக்குள்ளேயே இருந்தது. நீங்களும் அப்படி உள்ளே புகுத்திக்கொள்ளலாம். ஒரு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி நடக்கலாம். மூன்றாவது மாடி வரை லிப்ட் கிடையாது என்று உங்களுக்கு நீங்களே சட்டம் போட்டுக்கொள்ளலாம். போன் பேச்சு எல்லாவற்றையும் நடந்துகொண்டே பேசலாம். சாப்பிட்டவுடன் பத்து நிமிடம் நடக்கலாம். நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் சர்க்கரை நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2016இல் வந்தது. ஏதோ ஒரு வேளையில் 30 நிமிடம் சேர்ந்தாற்போல நடப்பதைவிட, மூன்று வேளைச் சாப்பாட்டுக்குப் பின்னும் 10 நிமிடம் நடந்தபோது சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரை அளவு நன்றாகக் குறைந்தது. மூன்று பத்து முப்பது. நேரம் ஒன்றுதான், பிரித்ததில் பலன் கூடியது.

‘நேரமில்லை’ என்ற இந்தச் சொல்லை உங்களுக்குப் பழக்கியதே பள்ளிக்கூடம்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பத்தாம் வகுப்பு வந்துவிட்டால் டிரில் பீரியடைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் வாங்கிக்கொள்வார்கள். சிலபஸ் முடியவில்லை என்றால் முதலில் மைதானத்தைத்தான் பூட்டுவார்கள். நெருக்கடி வந்தால் முதலில் உடம்பின் பங்கைத்தான் பிடுங்க வேண்டும் என்ற பாடம் அப்போதே மனதில் ஏறிவிடுகிறது. ஆபீஸ் நெருக்கடியிலும் வீட்டு நெருக்கடியிலும் அதையேதான் செய்கிறீர்கள். அந்தப் பாடத்தை மறக்க வேண்டும்.

‘களைப்பாக இருக்கிறது’

இதுவும் பொய் இல்லை. ஒன்பது மணி நேரம் திரையைப் பார்த்தவனுக்கு அசதி இருக்கும். ஆனால் அது மூளையின் அசதி. உடம்பு அன்றைக்கு ஒரு வேலையும் பார்த்திருக்காது. அசையாமல் இருந்ததாலேயே கழுத்தும் இடுப்பும் பிடித்திருக்கும். அதற்கு மறுபடியும் உட்கார்ந்தே ஓய்வெடுப்பது எப்படி மருந்தாகும்?

அசையாமல் கிடந்தால் உடம்பு எவ்வளவு வேகமாகத் தளரும் என்பதற்கு ஒரு சோதனை உண்டு. 1966இல் அமெரிக்காவின் டல்லஸ் நகரில் இருபது வயதுள்ள ஐந்து ஆரோக்கியமான இளைஞர்களை மூன்று வாரம் படுக்கையிலேயே இருக்க வைத்தார்கள். எழுந்தபோது அவர்கள் உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறனில் நாலில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டிருந்தது. முப்பது வருடம் கழித்து, அதே ஐந்து பேருக்கும் ஐம்பது வயதானபோது மறுபடி அளந்தார்கள். இருபது வயதில் மூன்று வாரம் படுத்ததால் வந்த இழப்பு, முப்பது வருட மூப்பால் வந்த இழப்பைவிட அதிகமாக இருந்தது. பிறகு அவர்களுக்கு ஆறு மாதம் படிப்படியாகப் பயிற்சி கொடுத்தார்கள். நடை, மெல்லோட்டம், நிலையான சைக்கிள், அவ்வளவுதான். முப்பது வருடத்தில் போன திறன் திரும்பி வந்தது.

இளைஞர்களே, இந்தச் செய்தியில் உங்களுக்கு ஒரு பயமும் ஒரு தைரியமும் இருக்கிறது. வயது காப்பாற்றும் என்று நம்பிக் கிடந்தால் இருபதிலேயே ஐம்பதைத் தாண்டிவிடலாம். கிளம்பிவிட்டால் ஐம்பதிலும் இருபதைத் தொடலாம்.

களைப்பு என்று சொல்லும் பிள்ளைகளுக்கு நான் வைத்த விதி இதுதான்: பத்து நிமிடம் மட்டும் நட. அதன் பிறகும் களைப்பாக இருந்தால் திரும்பிப் போ, நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். திரும்பிப் போனவர்கள் மிகக் குறைவு. வீட்டுக்கு வந்ததும் சோபாவில் உட்காராதீர்கள். உட்கார்ந்தால் எழ மாட்டீர்கள். பையை வைத்த கையோடு செருப்பை மாற்றிக்கொண்டு இறங்கிவிடுங்கள்.

‘ஜிம்முக்குக் கட்டப் பணமில்லை’

ஜிம்முக்குப் பணம் இல்லாமல் இருப்பது உண்மையாக இருக்கலாம். ஜிம் இல்லாமல் உடம்பு தேறாது என்று யார் சொன்னது? நம் ஊர் ஆட்கள் தண்டாலும் பஸ்கியும் போட்டு உடம்பை வளர்த்தவர்கள். கர்லாக்கட்டை சுற்றினார்கள், சிலம்பம் ஆடினார்கள். பிள்ளையார் முன்னால் போடும் தோப்புக்கரணம்கூடத் தொடைக்கும் இடுப்புக்கும் நல்ல வேலைதான். இதற்கெல்லாம் மாதச் சந்தா கிடையாது.

நடை மட்டும் போதாது என்பதை இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். வாரத்தில் இரண்டு நாளாவது எல்லாப் பெரிய தசைகளுக்கும் பலம் கூட்டும் பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார அமைப்பு. முப்பது வயதைத் தாண்டினால் தசை மெல்ல மெல்லக் குறையத் தொடங்கும். பயன்படுத்தாதவர்களுக்கு இன்னும் வேகமாகக் குறையும். வயதானவர்கள் குளியலறையில் வழுக்கி விழுவதற்கும் தரையிலிருந்து கையூன்றி எழுவதற்கும் பின்னால் பலமிழந்த தொடைதான் இருக்கிறது.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் எடுத்ததும் தரையில் தண்டால் போட வேண்டாம். சுவரில் கை ஊன்றிப் போடுங்கள். அது எளிதானதும் திண்ணை உயரத்தில் போடுங்கள். பிறகு தரைக்கு வாருங்கள். பஸ்கி வரவில்லை என்றால் நாற்காலியில் உட்கார்ந்து, கை ஊன்றாமல் எழுந்து, மறுபடி உட்காருங்கள். பத்துத் தடவை செய்துவிட்டுச் சற்று ஓய்ந்து, மறுபடி பத்து. முழங்கால் வலி என்பவர்களுக்கும் இதைத்தான் பெரும்பாலும் சொல்வேன். வலிக்கு என்ன காரணம் என்று டாக்டரிடம் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். தொடைத் தசை பலப்பட்டால் மூட்டின் மேல் விழும் பாரம் குறையும். வலிக்கிறது என்று காலை மடக்காமலே வைத்திருந்தால் தசை இளைத்து, வலி கூடும்.

‘நாலு பேர் பார்ப்பாங்க’

இதைச் சொல்கிறவர்களில் பெண் பிள்ளைகள் அதிகம். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஏழாம் வகுப்பு வரை பையன்களை முந்தி ஓடிய பிள்ளைகள் ஒன்பதாம் வகுப்பில் வேப்பமரத்தடியில் வட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். அந்த இரண்டு வருடத்தில் அவர்கள் கால் பலம் குறையவில்லை. பார்க்கிறவர்களின் கண் மாறியிருந்தது. ‘பொம்பளப் பிள்ள என்ன ஓட்டம்’ என்று வீடும் தெருவும் சொல்லத் தொடங்கியிருந்தன. நான் முதலில் சொன்ன கணக்கிலேயே, போதிய அளவு அசையாதவர்கள் ஆண்களில் நூற்றுக்கு 42 என்றால் பெண்களில் 57. சோம்பலால் மட்டும் இந்த இடைவெளி வராது.

வழி என்ன? தனியாகப் போகத் தயக்கம் என்றால் மூன்று பேராகப் போங்கள். மூன்று பேரைத் தெரு சீக்கிரம் பழகிக்கொள்ளும். தெருவே வேண்டாம் என்றால் மொட்டை மாடி இருக்கிறது. ஒரு ஸ்கிப்பிங் கயிறு போதும். உடை ஒரு தடை என்று நினைக்கிறவர்கள் கோயம்புத்தூர் நானம்மாள் பாட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். 1920இல் பிறந்தவர், சேலை கட்டிக்கொண்டே கடினமான யோகாசனங்களைச் செய்து காட்டினார், தொண்ணூறு வயதைத் தாண்டியும் கற்றுக்கொடுத்தார். 2018இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 2019இல் தன் 99ஆவது வயதில் காலமானார். பார்த்த நாலு பேரும் கடைசியில் அவரிடம் கற்றுக்கொள்ள வந்தார்கள்.

கல்யாணமான பெண்கள் சொல்வது வேறு: ‘வீட்டு வேலையே உடற்பயிற்சிதானே.’ அம்மியும் ஆட்டுரலும் கிணற்று வாளியும் இருந்த காலத்தில் அது முழு உண்மை. மிக்சி, கிரைண்டர், வாஷிங்மெஷின் வந்த பிறகு பாதி உண்மை. நாள் முழுக்க நின்று கால் வலித்திருக்கும்; ஒரு தடவையாவது மூச்சு வாங்கியிருக்குமா என்று யோசியுங்கள். ஆண் பிள்ளைகளுக்கும் இதில் ஒரு வேலை இருக்கிறது. பாத்திரம் கழுவுவதையோ பிள்ளையைப் பார்த்துக்கொள்வதையோ தினம் அரை மணி நேரம் நீங்கள் எடுத்துக்கொண்டால், வீட்டில் ஒருத்திக்கு நடக்க நேரம் கிடைக்கும். ‘நீயும் நடக்கலாமே’ என்று புத்தி சொல்வதைவிட அது மேல்.

‘நான் ஒல்லிதானே’, ‘எடை குறையவே இல்லையே’

ஒல்லியானவர்களுக்கு உடற்பயிற்சி வேண்டாம், குண்டானவர்கள் எடை குறைக்கத்தான் நடக்க வேண்டும் என்று நம்மிடம் ஒரு நினைப்பு ஊறிப்போயிருக்கிறது. இரண்டும் ஒரே தவறின் இரண்டு முகங்கள். நம் நாட்டவர்களுக்கு அதிக எடை இல்லாமலேயே சர்க்கரை நோய் வந்துவிடுகிறது. ஒல்லியான உடம்பின் வயிற்றுக்குள்ளேயும் கொழுப்பு சேரும்.

சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வை ஒவ்வொரு வீட்டிலும் சொல்ல வேண்டும். சர்க்கரை எல்லையில் நின்ற 531 பேரை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பிரிவினருக்கு வழக்கமான அறிவுரை மட்டும். இன்னொரு பிரிவினருக்குத் தினம் அரை மணி நேரமாவது வேக நடையும் உணவுக் கட்டுப்பாடும். மூன்று வருடம் முடிந்தபோது முதல் பிரிவில் நூற்றுக்கு 55 பேருக்குச் சர்க்கரை நோய் வந்துவிட்டது. நடந்தவர்கள் பிரிவில் 39 பேருக்குத்தான் வந்தது. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நடந்தவர்களின் எடை குறிப்பிடும்படியாகக் குறையவில்லை. ஆனாலும் நோய் குறைந்தது. வேலை செய்யும் தசை ரத்தத்தில் உள்ள சர்க்கரையை இழுத்துப் பயன்படுத்திக்கொள்கிறது. எடை மெஷினுக்கு அது தெரியாது. ஆகவே மெஷின் முள் அசையவில்லை என்று நடையை நிறுத்தாதீர்கள்.

‘பத்தாயிரம் அடி முடியவில்லை’

கையில் கடிகாரம் மாட்டிய பிள்ளைகளின் சாக்கு இது. 10,000 வராது என்று தெரிந்ததும் அன்றைக்கு எழுந்திருக்கவே மாட்டார்கள். அந்த எண் எந்த மருத்துவர் எழுதிய சீட்டிலும் பிறந்ததல்ல. டோக்கியோ ஒலிம்பிக் முடிந்த மறு வருடம், 1965இல், ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியோடு சேர்ந்து பரவியது. அமெரிக்காவில் சராசரி 72 வயதுள்ள பெண்கள் சுமார் 17,000 பேரைக் கவனித்து 2019இல் வெளிவந்த ஆய்வில், தினம் 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடம் மரண விகிதம் தெளிவாகக் குறைந்திருந்தது. 7,500 அடியைத் தாண்டியபின் பெரிய மாற்றமில்லை. இளம் வயதுக்காரர்கள் அதைவிடக் கூடுதலாக நடப்பது நல்லதுதான். ஆனால் பத்தாயிரம் வராத நாளில் நாலாயிரம் நடந்தவன் தோற்றவன் இல்லை.

மழையையும் வெயிலையும் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கத்திரி வெயிலில் பகல் பதினோரு மணிக்கு ஓடச் சொல்ல நான் பைத்தியமா? வெயில் ஏறும் முன் காலையிலோ, இறங்கிய பின் மாலையிலோ போங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வீட்டுக்குள் நாற்காலிப் பயிற்சி செய்யுங்கள். மழைக்காக மூன்று வேளைச் சாப்பாட்டை யாரும் தள்ளிவைத்ததில்லை.

‘மூடு வரலை, திங்கட்கிழமையிலிருந்து பார்க்கிறேன்’

ஜனவரி முதல் தேதி எந்த ஊர் மைதானத்தையும் போய்ப் பாருங்கள். புது ஷூ, புது டிராக் பேண்ட், நிற்க இடமிருக்காது. பொங்கல் கரும்பு தின்று முடிப்பதற்குள் பாதிக் கூட்டம் காணாமல் போயிருக்கும். உற்சாகத்தை நம்பி இறங்கியவர்கள் அவர்கள். உற்சாகம் வரும், போகும். பழக்கம் ஒருதடவை வந்துவிட்டால் உற்சாகத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. பல் தேய்க்க யாருக்கும் மூடு வர வேண்டியதில்லையே.

பழக்கம் வர எத்தனை நாள்? லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலி குழுவினர் இதை ஆராய்ந்தார்கள். 96 பேர் ஆளுக்கொரு புதுப் பழக்கத்தைத் தொடங்கினார்கள். அது தானாக நடக்கும் நிலைக்கு வரச் சராசரியாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாளே போதும் என்றும், சிலருக்கு 254 நாள் ஆகும் என்றும் கணக்கு வந்தது. நடுவில் ஒரு நாள் தவறியதால் பழக்கம் கெட்டுவிடவில்லை. ஆகவே ஒரு நாள் விட்டதும் ‘எல்லாம் போச்சு, அடுத்த மாதம் புதிதாகத் தொடங்குவோம்’ என்று முடிவு கட்டாதீர்கள். மறுநாள் போங்கள், அவ்வளவுதான். ஒரு நாள் தவறலாம், அடுத்தடுத்து இரண்டு நாள் தவறக் கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மனம் எப்படி வசப்படும் என்பதற்கு நம் பக்கத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. தெருமுனைக் கடைக்கும் பைக்கில் போகிறவன், தைப்பூசத்துக்கு மாலை போட்டுவிட்டால் செருப்பில்லாமல் திருச்செந்தூருக்கு நடக்கிறான். திருநெல்வேலியிலிருந்து 50 கிலோமீட்டருக்கு மேல். முழங்கால் வலியும் நேரமின்மையும் அன்றைக்கு எங்கே போயின? முருகன் அருள் என்று சொல்லுங்கள், நானும் கும்பிடுகிறேன். அதோடு மூன்று காரியங்கள் அங்கே நடக்கின்றன. கிளம்பும் நாள் முன்கூட்டியே குறித்தாயிற்று. கூட நடக்க ஆள் இருக்கிறது. மாலை போட்டது ஊருக்கே தெரியும், பின்வாங்க முடியாது. இந்த மூன்றையும் வருடம் முழுக்க வைத்துக்கொள்ள எந்தத் தடையும் இல்லை. எந்த நேரம் என்று குறியுங்கள். ஒரு கூட்டாளியைச் சேருங்கள். வீட்டில் நாலு பேர் அறியச் சொல்லிவிடுங்கள். காலை ஐந்தரைக்குத் தெருமுனையில் ஒருவன் உங்களுக்காகக் காத்து நிற்கிறான் என்றால் போர்வைக்குள் படுத்திருக்க மனம் வராது.

அப்பா, அம்மாவுக்கும் சொல்லுங்கள்

‘இந்த வயசுல எனக்கெதுக்கு’ என்பது பெரியவர்களின் சாக்கு. அமெரிக்காவின் பாஸ்டன் நகர முதியோர் இல்லம் ஒன்றில், சராசரி வயது 90 உள்ள பத்துப் பேருக்கு எட்டு வாரம் எடை தூக்கும் பயிற்சி கொடுத்து, 1990இல் முடிவை வெளியிட்டார்கள். அவர்களின் கால் பலம் இரண்டு மடங்குக்கும் மேலாகக் கூடியது. இருவர் கைத்தடியை விட்டுவிட்டு நடந்தார்கள். பக்கத்தில் தகுந்த ஆள் இருந்து, டாக்டர் சம்மதத்தோடு செய்தது அது. தொண்ணூறில் ஏறும் பலம் அறுபதில் ஏறாதா? ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வந்தால் அப்பாவைக் கூட்டிக்கொண்டு நடங்கள். பேச்சுக்குப் பேச்சு ஆயிற்று, நடைக்கு நடை ஆயிற்று.

பிள்ளைகளா, கடைசியாக ஒரு வீட்டுப்பாடம் தருகிறேன். ஒரு தாளை எடுத்து, நீங்கள் அடிக்கடி சொல்லும் சாக்கை அப்படியே எழுதுங்கள். அதற்கு முடிவுத் தேதி போட முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் அதில் எந்தப் பாதி உண்மை என்று அடிக்கோடு போடுங்கள். நேரம் துண்டு துண்டாகத்தான் கிடைக்கிறதா? துண்டுகளாகவே நடங்கள். தனியாகப் போகக் கூச்சமா? துணை தேடுங்கள். காசு இல்லையா? சுவரில் கை ஊன்றுங்கள். உண்மைக்கு வழி செய்யுங்கள், மீதியைப் பற்றிக் கவலைப்படாதீர்கள்.

என்னிடம் சொன்ன சாக்குகளை நான் சில சமயம் ஏற்றுக்கொண்டிருக்கலாம். உங்கள் இதயமும் தசையும் ஏற்றுக்கொள்ளாது. எவ்வளவு அசைந்தீர்கள் என்பதை மட்டும்தான் அவை கணக்கில் வைக்கும். இன்று இரவு சாப்பிட்டு முடித்ததும் போனை மேசையில் வைத்துவிட்டுப் பத்து நிமிடம் நடந்துவிட்டு வாருங்கள். நாளைக்கும் அதே நேரத்தில் கிளம்புங்கள்.